திறப்பா, சாவியா? எழுத்து விளையாட்டும் எங்கட தமிழும்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் மசலா என்ற வகை கேள்வியால் நடப்பது. 1572ஆம் ஆண்டுக்குரிய ஆயிர மசலாவில் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரழி) கேட்க, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்கிறார்கள். கேள்வி நின்றால் நூலும் நின்றுவிடும். ஆனால் எந்தக் கேள்வி எங்கே வரும் என்பதை வண்ணப்பரிமளப் புலவரே முடிவு செய்துவிட்டார். வாசகர் கேட்பதற்கு அங்கே இடமில்லை.

அந்த இடத்தை வாசகருக்குக் கொடுத்தது கணினியின் எழுத்து விளையாட்டு. கென்டக்கிக் குகைகளில் இறங்கித் திரிந்த வில் குரோதர் 1970களின் நடுவில் எழுதி, டொன் வூட்ஸ் 1977இல் விரித்த ‘அட்வென்ச்சர்’ இதற்கு முன்னோடி. படம் கிடையாது. இடத்தை விபரிக்கும் சில வரிகள் வரும். கீழே நாம் ஒரு கட்டளையைத் தட்டெழுத வேண்டும். அதற்கேற்பக் கதை நகரும்.

இவற்றை ஆக்கும் கருவிகள் இன்று இலவசம். கிறிஸ் கிளிமாஸின் ‘ட்வைன்’ (2009) பெட்டி பெட்டியாகக் கதையை எழுதி இணைப்புகளால் கோப்பது. அதில் தமிழில் தாராளமாக எழுதலாம். ஆனால் வாசகர் எழுதுவதில்லை. தந்த விடைகளில் ஒன்றைத் தொடுகிறார். எங்கட பிள்ளைகள் பல்தேர்வு வினாத்தாளில் செய்வதும் அதுதான். கிரஹம் நெல்சனின் ‘இன்ஃபோர்ம் 7’ (2006) வேறு ரகம். ‘லாம்பு குசினியில் இருக்கிறது’ என்று ஆங்கில வசனமாக எழுதினால் அதுவே நிரல். வாசகரும் சொந்தச் சொல்லில் கட்டளை இடலாம். அழகான கருவிதான், ஆனால் அதன் காது ஆங்கிலக் காது. வினை முதலில், பெயர் பிறகு.

‘கதவைத் திற’ என்றால் அது தடுமாறும். மிகுந்த ‘த்’தைக் கழற்றி, ஐ உருபைக் கழற்றி, உகரத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் ‘கதவு’ கிடைக்கும். ‘மரத்தை’ என்பதில் மரமும் ‘வீட்டை’ என்பதில் வீடும் தெரிய வேண்டும். இன்ஃபோகொம் நிறுவனத்தின் ஆரம்பகால விளையாட்டுகள் ஒரு சொல்லின் முதல் ஆறு எழுத்தை மட்டுமே பார்த்தன. கடைசியில் பொருளை வைக்கும் தமிழுக்கு அது கழுத்தறுப்பு.

இதைத் தமிழின் குறை என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. ‘திறப்பைப் பெட்டிக்குள் வை’, ‘பெட்டிக்குள் திறப்பை வை’, இரண்டும் ஒன்றே. எதை, எங்கே என்பதை உருபு சொல்லிவிடும். சொல் எந்த வரிசையில் வந்தாலென்ன? சாதாரண தரப் பரீட்சைக்காகப் பிள்ளைகள் மனனம் செய்யும் வேற்றுமையும் புணர்ச்சியும் இங்கே உயிருள்ள வேலை செய்யும். நன்னூல் தெரிந்தவரும் நிரல் தெரிந்தவரும் ஒன்றாக உட்கார வேண்டிய இடம் இது.

அதைவிடப் பெரிய கேள்வி, எவருடைய தமிழ் என்பது. ‘அட்வென்ச்சர்’ தொடக்கத்தில் ஒரு சிறு கட்டடத்துக்குள் சில பொருள்கள் கிடக்கும். சென்னையில் ஒருவர் அகராதி அமைத்தால் அவை சாவி, விளக்கு, பாட்டில். காத்தான்குடிப் பிள்ளைக்கோ திறப்பு, லாம்பு, போத்தல். ‘கதவத் தொற’ என்று அது தட்டெழுதினால் கருவி என்ன சொல்லும்? ‘எனக்குப் புரியவில்லை’ என்றால், கருவியின் செவிட்டுத்தனம் பிள்ளையின் பிழையாக மாறிவிடும். தன் உம்மாவின் பேச்சு தமிழில்லை என்று அது படித்துக்கொள்ளும்.

ஆகவே தமிழில் இத்தகைய கருவி வரும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது அதன் கதையை அல்ல, அதன் சொற்பட்டியலை. அந்தப் பட்டியலில் திறப்பு இல்லையென்றால் எங்கட பிள்ளைக்குக் கதவு பூட்டியேதான் கிடக்கும்.