டீன்வுட்டும் கொட்டியாரப்பற்றும்

மானிடவியலாளர் அஷாந்தே ரீஸ் 2019 இல் வெளியிட்ட 'பிளாக் ஃபூட் ஜியோகிராஃபீஸ்', வாஷிங்டன் நகரின் டீன்வுட் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பைப் பற்றிய நூல். நல்ல உணவு விற்கும் கடைகள் அற்ற இத்தகைய இடங்களை அமெரிக்காவில் 'உணவுப் பாலைவனம்' என்பார்கள். ரீஸுக்கு இந்தச் சொல்லில் உடன்பாடில்லை. பாலைவனம் இயற்கையாக உண்டானது. டீன்வுட்டின் நிலையோ இனப் பாகுபாட்டால் உண்டாக்கப்பட்டது. அங்கே வெறுமையும் இல்லை. தோட்டம், மூலைக்கடை, பழைய கடைகளின் ஞாபகம் எல்லாவற்றையும் வைத்துச் சனம் சமாளிக்கிறது.

இதை வாசிக்கிற எங்கட மாவட்டத்து ஆளுக்கு மூதூர் நினைவுக்கு வராமல் போகாது. 2006 ஜூலையில் புலிகள் மாவிலாற்றுத் துருசை மூடினார்கள். கீழே வெள்ளாமை செய்த முஸ்லிம், சிங்கள, தமிழ் விவசாயிகளின் வயலுக்குத் தண்ணீர் நின்றது. அதைத் திறக்கவென்று தொடங்கிய படை நடவடிக்கை ஓகஸ்டில் மூதூர்ச் சண்டையாகி, ஊர்ச்சனம் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தது. அதே நாட்களில், பசிக்கு எதிராக வேலை செய்யும் பிரெஞ்சு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் மூதூரில் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். தண்ணீர் இருந்தது, வயல் இருந்தது, உதவ வந்த ஆக்களும் இருந்தார்கள். இதைப் பஞ்சம் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் ரீஸின் அளவுகோலை அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது என்பது என் கருத்து. அவருடைய வரைபடத்தின் பிரதான கோடு கறுப்பு, வெள்ளை என்ற ஒன்றுதான். கொட்டியாரப்பற்றில் மூன்று சமூகம், ஒரே வாய்க்கால். துருசை மூடியது ஒரு தரப்பு. ஷெல் அடித்தது இரண்டு தரப்பும். இந்தச் சிக்கலை நன்றாகப் பிடித்தவர் டிம்மோ காஸ்பீக். 2010 இல் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த கலாநிதிப்பட்ட ஆய்வு, யுத்தத்துக்குள்ளும் இப்பகுதி விவசாயிகள் இனம் கடந்து தண்ணீருக்காகப் பேசி இணங்கியதையும், கலப்புத் திருமணங்களையும் காட்டுகிறது. அதன் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி உண்டு. நேர்மையான கேள்விக்குறி. எங்கட ஆய்வரங்கக் கட்டுரைகளில் அதைக் காண்பது அரிது. பூர்வீகத்தை நிறுவுவதிலேயே பக்கம் முடிந்துவிடுகிறது. கந்தளாய் முகாமில் உலையில் என்ன கொதித்தது என்று கேட்க இடமில்லை.

ரீஸை யாராவது தமிழாக்கினால், அவரின் மையச் சொல்லைத் 'தற்சார்பு' என்று போட்டுவிடக் கூடாது. அது ஒற்றை ஆளின் சொல். அவர் காட்டுவது, பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு அரிசி கைமாற்று வாங்கி அன்றைய சோத்தைச் சமாளிக்கிற மாதிரியான ஒன்று. அதற்கு எங்கட பேச்சில் சொல் இருக்கும். மூதூர்ப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.