நடுவில் நிறுத்தப்பட்டவர்கள்

ஆங்கிலத்தில் 'மிட்ஸ்ட்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. நட்டநடு என்று அர்த்தம். இன்றைக்குப் பேச்சில் யாரும் அதிகம் சொல்வதில்லை. பிரசங்கத்திலும் மேடைப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. 'மிடில்' இருக்கு, 'சென்டர்' இருக்கு, அப்புறம் இது எதுக்கு என்று கேட்டால், 'எல்லாம் ஒண்ணுதாம்ப்பா' என்று வாத்தியார் சொல்லிவிடுவார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ரொம்ப வருஷம் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒன்றில்லை. 'சென்டர்' என்பது குத்தும் முனையைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காம்பஸ் முள் குத்துகிற இடம். வட்டம் போடுகிறவன் எவனோ அவனுடைய புள்ளி அது. 'மிட்ஸ்ட்' அப்படியல்ல. அதைச் சொன்னதுமே, எதற்கு நடுவில், யாருக்கு நடுவில் என்ற கேள்வி கூடவே வந்துவிடும். சுற்றி ஆளோ நெருப்போ தண்ணீரோ இருந்தாக வேண்டும். மையத்தில் இருப்பவனுக்கு அதிகாரம் இருக்கும். நடுவில் இருப்பவனுக்கு அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவன் சூழப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான் நிச்சயம்.

இந்தச் சொல்லைப் பெரிய கவிகள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். எட்மண்ட் ஸ்பென்சர் 1590இல் தன் காவியத்தோடு சேர்த்து அச்சிட்ட கடிதத்தில், வரலாறு எழுதுகிறவன் ஆதியிலிருந்து வரிசையாகச் சொல்வான், கவிஞனோ நடுவில் பாய்ந்து விடுவான் என்கிறார். அதற்கு அவர் எழுதிய சொல் 'மிடஸ்ட்', இதே சொல்லின் பழைய வடிவம். கவிதை பற்றிய நல்ல கருத்துதான். ஆனால் ஸ்பென்சர் யார்? அயர்லாந்தில் ஆங்கில அரசின் அதிகாரி. பறிக்கப்பட்ட ஐரிஷ் நிலத்தில் கில்கோல்மன் என்ற இடத்தில் பண்ணை வைத்துக் குடியேறியவர். 1598இல் ஐரிஷ்காரர்கள் எழுந்து அந்த வீட்டைக் கொளுத்தினார்கள். அடுத்தவர் நிலத்தின் நடுவில் பாய்ந்தவருக்கு, காவியத்தின் நடுவில் பாய்வது இயல்பாகத்தான் இருந்திருக்கும்.

மில்டன் 1667இல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில், ஆதாமும் ஏவாளும் பாடுகிற காலைத் துதியில் கடவுளே முதல், கடவுளே கடைசி, கடவுளே 'மிட்ஸ்ட்'. அங்கே நடு என்பது சிம்மாசனம். ஃபிராங்க் கெர்மோட் 1967இல் வந்த தன் புத்தகத்தில் அந்தப் பழைய 'மிடஸ்ட்' என்ற சொல்லை எடுத்து, மனுசன் பிறப்பதும் சாவதும் காலத்தின் நடுவில்தான், அதனால்தான் ஆதி அந்தம் உள்ள கதைகள் அவனுக்குத் தேவைப்படுகின்றன என்று விளக்கினார். ஆழமான வாதம். ஆனால் அவர் சொல்லும் மனுசனைச் சுற்றி இருப்பது காலம் மட்டும்தான். ஆட்கள் இல்லை. கையில் கல் வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

கல்லோடு நிற்பவர்களைப் பார்க்க பைபிளுக்குத்தான் போக வேண்டும். 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சேற்றியவர் வில்லியம் டிண்டேல். ஏர் ஓட்டுகிற பையனும் வேதத்தைத் தெரிந்துகொள்ளச் செய்வேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1536இல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். அவருடைய சொற்கள் பலவும் 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளுக்குள் போய்ச் சேர்ந்தன. அதில் யோவான் எட்டாம் அதிகாரத்தில், விபசாரம் செய்தாள் என்று ஒரு பெண்ணை இழுத்து வருகிறார்கள். எங்கே நிறுத்துகிறார்கள்? 'மிட்ஸ்ட்'டில். நம் பழைய தமிழ் பைபிளிலும் 'நடுவே' என்றே இருக்கிறது. ஆணை யாரும் இழுத்து வரவில்லை. அவன் எந்த நடுவிலும் நிற்கவில்லை.

எங்க ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. உபதேசியார் வாசிக்கக் கேட்டதுதான். இந்தக் கதையை அது இப்படிச் சொல்லும்: "எல்லாரும் அவளையே பாத்துக்கினு நின்னாங்க. அவரு ஒருத்தருதான் குனிஞ்சு தரையப் பாத்தாரு." எந்த வியாக்கியானத்திலும் இதைவிடச் சரியாக நான் படித்ததில்லை. ஊர்க் கூட்டத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்ற மனுசனின் பெண்டாட்டி அது. பார்வை எவ்வளவு கனம் என்று அதற்குத் தெரியும்.

எனக்கும் ஓரளவு தெரியும். ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து, "ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எந்திரிச்சு நடுவுல வந்து நில்லுங்கடா" என்றார். பேரைக் கூப்பிட்டிருந்தால் நாங்களே ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருப்போம். ஒன்பது பேர் வந்து நின்றோம். அதுவரைக்கும் நாங்கள் இன்னார் என்று தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோனது. அவர் எண்ணிக்கொண்டு போய்விட்டார். இண்டர்வல் மணி அடித்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லாததால் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

யோவானின் கதை முடிவை வாசிக்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வருகிறது. கல் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருத்தராய்ப் போய்விடுகிறார்கள். வட்டம் கலைந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெண் 'மிட்ஸ்ட்'டில் நிற்கிறாள் என்றே எழுதியிருக்கிறது. யாருக்கு நடுவில்? சுற்றி ஒருத்தரும் இல்லையே! எழுதியவர் கவனக்குறைவாக எழுதிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. வட்டம் போட்டவன் போன பிறகும் வட்டம் போவதில்லை. நிறுத்தப்பட்டவளின் உடம்பில் அது இருக்கிறது.

இதே சொல் லூக்கா ஆறாம் அதிகாரத்தில் வேறுவிதமாக வருகிறது. கை சூம்பிய ஒருத்தனை, ஜெப ஆலயத்தில் எல்லோரும் பார்க்க, நடுவில் எழுந்து வந்து நிற்கச் சொல்கிறார் இயேசு. அவன் குணமாகிறான். குற்றம் சாட்ட நிறுத்திய அதே இடம், கை நிமிர்கிற இடமாகவும் ஆகிறது. கூப்பிட்டது யார், எதற்காக என்பதுதான் வித்தியாசம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டவர் ஃபிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி வந்தவர். 1852 ஜூலை 5ஆம் தேதி ராசெஸ்டர் நகரத்தில், அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கம் கூட்டிய சபையில், அமெரிக்கச் சுதந்திர தினத்தைப் பற்றிப் பேச எழுந்தார். எதிரில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், நல்லவர்கள்தான். அவர்களிடம், இது உங்கள் திருவிழா, என்னுடையது அல்ல என்றார். பிறகு 137ஆம் சங்கீதத்தைச் சொன்னார். பாபிலோனில் சிறைப்பட்டவர்கள் தங்கள் கின்னரங்களை மரத்தில் மாட்டிவைத்த பாட்டு அது. அந்த மரங்கள் எங்கே இருந்தன? கிங் ஜேம்ஸ் சொல்கிறது: 'மிட்ஸ்ட்'டில். பாபிலோனின் நட்டநடுவில். பிடித்துக்கொண்டு போனவன் ஊருக்கு நடுவில் உட்கார வைத்துப் பாடு என்கிறான். வாத்தியத்தை மாட்டிவிட்டு, மாட்டேன் என்கிறார்கள். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொல்லி உதை வாங்கிய நம் ஊர்களுக்கு இந்தப் பாட்டுக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆங்கிலக்காரர்களே இப்போது இந்தச் சொல்லை எடுத்துவிடுகிறார்கள். 1970களில் வந்து இன்று உலகமெங்கும் வாசிக்கப்படுகிற 'நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்' மொழிபெயர்ப்பில் அந்தப் பெண் கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறாள். கை சூம்பியவனும் எல்லோருக்கும் முன்னால்தான் நிற்கிறான். கின்னரம் மாட்டிய மரங்கள் சும்மா 'அங்கே' இருக்கின்றன. கூட்டம் கலைந்த பிறகும் அந்தப் பெண் வெறுமனே 'அங்கே' நிற்கிறாள். படிக்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னால் நிற்பவனுக்குப் பின்பக்கம் திறந்திருக்கும், ஓடலாம். நடுவில் நிற்பவனுக்கு நாலு பக்கமும் ஆள்.

தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் 'மையம்', 'விளிம்பு' என்று நிறையப் பேசினோம். நானும் எழுதியிருக்கிறேன். தலித்தை விளிம்புநிலை மனிதன் என்று சொல்வது அப்போது பெரிய மரியாதை போலத் தெரிந்தது. இன்று யோசித்தால் அதில் ஒரு வசதி இருக்கிறது. விளிம்பில் இருப்பவன் தூரத்தில் இருக்கிறான், அவனைப் பார்க்காமல் விட்டது தூரத்தின் குற்றம் என்று ஆகிவிடுகிறது. நாம் எப்போது தூரத்தில் இருந்தோம்? சேரி ஊருக்கு வெளியே இருந்தது, சரி. நடவில், அறுப்பில், சாவில், சாக்கடையில் நட்டநடுவில் நாம்தானே இருந்தோம்? கூட்டத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்க தாத்தா நின்றது எந்த விளிம்பில்?

நம்மை யாரும் மையத்தில் வைக்கவில்லை, உண்மை. ஆனால் நடுவில் நிறுத்தினார்கள். நம் தன்வரலாறுகளை விளிம்பின் குரல் என்று வாசிப்பதை இனியாவது நிறுத்தலாம். நடுவில் நிறுத்தப்பட்டவள் தலையை நிமிர்த்தி, சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துச் சொல்கிற சாட்சியம் அது. அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் எல்லா முகமும் தெரியும்.

எங்க ஆயா உயிரோடு இருந்தால் ஒன்று கேட்டிருப்பேன். எல்லாரும் போன பிறகு அவ ஏன் அங்கேயே நின்னா? அதுக்குத் தெரிந்திருக்கும்.