கல்லுக்கு முந்திய கட்டடக்கலை

தமிழகக் கட்டடக்கலை வரலாற்றை எழுதப் புகுவோர் பலர் மகேந்திரவர்மனின் குடைவரைகளிலிருந்தே தொடங்குவர். நிலைத்து நிற்கும் சான்றினின்று தொடங்குதல் முறையே. ஆயின், எஞ்சி நிற்பது கொண்டே ஒரு கலையின் தொடக்கத்தை வரையறுத்தல் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த மண்டகப்பட்டு வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றி அக்கோயில் அமைக்கப்பெற்றதெனப் பெருமிதத்துடன் அறிவிக்கின்றது. இதனைப் புதுமையின் முரசாகவே பலரும் கொள்வர். அது பழைய மரபிற்கும் சான்றாதலை நோக்குதல் வேண்டும். கோயிற்கு இன்றியமையாதனவாகக் கருதப்பட்ட பொருள்களையன்றோ ஒருவன் விலக்கியதாகக் கூறிப் பெருமை கொள்வான்?

அப்பொருள்கள் சங்கப் பாடல்களில் உள்ளன. அகநானூற்றின் 167ஆம் பாட்டு, செங்கற்சுவரின் மேல் விட்டம் வீழ்ந்து, கடவுள் நீங்கிப் பாழ்பட்ட கோயிலொன்றைக் காட்டுகின்றது. அத்தகைய கோயில்கள் எஞ்சாமைக்குரிய காரணத்தையும் அப்பாட்டே உணர்த்திவிடுகின்றது. நெடுநல்வாடை இரும்பாற் பிணித்த கதவையும் சுதை பூசிய அரண்மனையையும் கூறும்.

புலவர் கூற்று மிகைபட அமைவது. ஆதலின் சான்றாகாது என்பாரும் உளர். எல்லாக் கூற்றும் ஒரு தன்மையன அல்ல. அரண்மனைச் சுவர் செம்பினாற் செய்தாலொத்தது என்பது உவமை. அது கொண்டு சுவரின் மூலப்பொருளைத் துணிதல் தவறு. நண்பகலில் இருகோல் நிழல் நோக்கித் திசையறிந்து, கயிறிட்டு மனை வகுத்தமையோ தொழில்முறை. இவ்விரண்டையும் பிரித்தறிதலே திறனாய்வாளர் கடன். அப்பாட்டு அரண்மனை வாயிலுக்கு மலைக்குடைவை உவமையாக்குகின்றது. புலவர்க்கு உவமையாயிருந்தது பல்லவனுக்குச் செயலாயிற்று.

கல்லுக்கு மாறியபோதும் வடிவம் மாறவில்லை. மாமல்லபுரத்துத் திரௌபதி தேர் கூரை வேய்ந்த குடிலின் வடிவினது. வேய்ந்த கூரைக்கு மழைநீர் வடிதற்குச் சரிவு வேண்டும். ஒரே பாறையிற் செதுக்கிய கோயிற்கு அத்தேவை இல்லை. ஆகவே, அவ்வடிவம் கல்லிற் பிறந்ததன்று.

பொருள்களும் ஒருவழியே செல்லவில்லை. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் கல்லாலாயது. விசயநகர, நாயக்கர் காலப் பெருங்கோபுரங்களோ அடிநிலை கல்லாகவும் மேனிலைகள் செங்கல்லும் சுதையுமாகவும் எழுந்தன. மகேந்திரன் விலக்கியவை மீண்டும் மேலேறின. சென்னையில் 1976இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டத்தில் திருவாரூர்த் தேர் கல்வடிவம் பெற்றது. மரத்தின் வடிவைக் கல்லிற் காணும் வேட்கை இன்னும் தணியவில்லை.

எனவே, மரம், செங்கல், கல் எனப் படிப்படியாக ஏறிய வளர்ச்சியாக இக்கலையைக் காட்டுதல் குறையுடைத்து. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் நிகழ்ந்த அகழாய்வு, பல்லவர் காலக் கோயிலின் அடியில் செங்கற்கோயிலைக் காட்டிற்று. மண் தரும் இத்தகைய சான்றுகளோடு சங்கநூல்களின் தொழிற்சொற்களைத் தொகுத்து ஒப்பிடும் பணி இலக்கிய மாணவர்க்கு உரியது. அது செய்யப்பெறின், அழிந்த கட்டடங்களும் வரலாற்றில் தமக்குரிய இடம் பெறும்.