1.8இல் மறையும் தாராவி

தாணேயிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு ரயிலேறி, சயானில் இறங்கித் தாராவிக்குள் நடக்கும் இளைஞர்கள் பலரின் கையில் 50 மி.மீ. எஃப்/1.8 பிரைம் லென்ஸைப் பார்க்கலாம். 1896இல் பால் ருடால்ஃப் ஜெய்ஸ் நிறுவனத்தில் வடிவமைத்த பிளானரின் வழிவந்த எளிய அமைப்பு என்பதால் விலையும் குறைவு, எடையும் குறைவு. லென்ஸின் மீது எனக்குக் குறையில்லை. எந்த இடத்திலும் எந்த வெளிச்சத்திலும் அதை 1.8இலேயே திறந்து வைத்திருக்கும் பழக்கம்தான் கவலை தருகிறது.

முதலில் அதன் பெருமை. தாராவியின் உள்சந்துகளில் இருபக்க மாடிகளும் நெருங்கி நிற்பதால் நண்பகலிலும் வெயில் தரையைத் தொடுவது அரிது. தோல் பை தைக்கும் அறையில் ஒற்றை டியூப்லைட் எரியும். அந்த மங்கலில் ஐஎஸ்ஓ 1600இல், எஃப்/5.6 வைத்தால் ஷட்டர் 1/16 நொடிக்கு இறங்கிவிடும். தைப்பவரின் விரல்கள் கலங்கிப்போகும். 1.8இல் அதே வெளிச்சத்துக்கு 1/160 கிடைக்கிறது. ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளி. வேலையில் ஆழ்ந்திருப்பவரின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்க வேண்டியதில்லை. ஸ்டான்லி குப்ரிக் 1975இல் வந்த 'பேரி லிண்டன்' படத்தின் சில காட்சிகளை, நாசாவுக்காகச் செய்யப்பட்ட எஃப்/0.7 ஜெய்ஸ் லென்ஸைக் கொண்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். அவருக்கும் வேண்டியிருந்தது இந்த ஒளிதான்.

ஆனால் வேகம் கிடைத்ததும் ஷட்டரை ஏற்றிக்கொண்டே போவது தவறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/160இலும் அதற்கு மேலும் படத்தில் பட்டைகள் விழலாம், நிறமும் படத்துக்குப் படம் மாறலாம். 1/100இல் நிறுத்தி, மிச்சமாகும் ஒளியைக் கொண்டு ஐஎஸ்ஓவை 1000க்கு இறக்குவதே நல்லது. முழுத் திறப்பில் வேறு குறைகளும் உண்டு. எவர்சில்வர் பாத்திர விளிம்பில் ஊதா நிறம் கசியும், மூலைகள் மங்கும். 2.8க்கு வந்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். மாட்டுங்காவின் பூக்கடைகளை மாலையில் எடுக்க அந்த 2.8 தாராளமாகப் போதும்.

இவை கைப்பழக்கத்தில் தீரும் குறைகள். பின்னணி கரைவது அப்படிப்பட்டதல்ல. ஃபுல்ஃபிரேம் கேமராவில் 1.8 வைத்து ஒரு மீட்டர் தொலைவில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 4 செ.மீ.; கண் தெளிவாக இருந்தால் காது கலங்கும். அதற்குப் பின்னால் இருப்பது சந்தா, சுவரா, தொழிற்கூடமா என்று தெரியாது.

தைப்பொங்கலன்று தாராவியின் 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் வேலைக்கு வந்தவர்களின் வழியினர் மும்பையின் ஒரு தெருவைத் தங்கள் முற்றமாக்கிக்கொள்ளும் காலை அது. அந்த நிகழ்வின் உயிர் வரிசையில் இருக்கிறது. எஃப்/8 வைத்து 5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்பதரை மீட்டர்வரை தெளிவாக விழும். பானைக்குப் பின்னால் பானை, பக்கத்து அடுப்பை எட்டிப் பார்க்கும் பாட்டி, மேலே கடைப் பலகை எல்லாம் வரும். 1.8இல் ஒரு மீட்டர் சொச்சம்தான். பளீரென்ற வெயிலிலும் அப்படி எடுத்து, ஒரு பானையையும் ஒரு முகத்தையும் மட்டும் காட்டும் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. அவற்றை எந்த ஊரில் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

வறுமையை வேடிக்கையாக்காமல் மனிதரின் கண்ணியத்தைக் காட்டவே பின்னணியை அழிக்கிறோம் என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. குப்பையை முன்னிறுத்தி விருது தேடும் படங்கள் போதுமான அளவு வந்துவிட்டன. ஆனால் தாராவியில் குப்பைக்குப் பக்கத்திலேயே உழைப்பும் இருக்கிறது. கும்பார்வாடாவில் காயும் பானைகளையும் பதிமூன்றாம் காம்பவுண்டில் தரம் பிரித்த பிளாஸ்டிக் மூட்டைகளையும் கலங்கலாக்கிவிட்டு, அவற்றின் நடுவே உழைப்பவருக்கு எந்தக் கண்ணியத்தைத் தருகிறோம்? தாராவியைக் களமாகக் கொண்டு 1987இல் வந்த 'நாயகன்' படத்துக்குக் கமல்ஹாசனின் நடிப்பு, பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவு இரண்டோடு, தோட்டா தரணியின் கலை இயக்கத்துக்கும் தேசிய விருது கிடைத்தது. அந்தக் கதைக்குச் சுவரும் சந்தும் எவ்வளவு தேவைப்பட்டன என்பதற்கு அந்த மூன்றாவது விருதே சான்று.

இன்று இந்தக் கேள்விக்கு அவசரமும் கூடியிருக்கிறது. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. யார் எந்தச் சந்தில் என்ன தொழில் செய்தார்கள் என்று பின்னால் தேடுபவருக்கு, கரைந்த பின்னணி எதையும் சொல்லாது.

ஆகவே 1.8இல் ஒரு படம் எடுங்கள். பிறகு இரண்டடி பின்வாங்கி, 5.6க்கு மூடி, ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி, 1/50இல் இன்னொன்று எடுங்கள். கையை மட்டும் கொஞ்சம் நிதானமாக வைக்க வேண்டும். படத்தில் புள்ளிகள் தெரியும். இன்றைய சென்சார்கள் அதைத் தாங்குகின்றன. அந்தப் புள்ளிகளுக்கு இடையிலும் கடைப் பலகையில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துவிட முடியும்.