ஓவியத்தில் ஒரு பாசிக்கோடு

கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரைத் துறைமுகத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள்ளும் நுழைகிறது. இத்தகைய இடங்களில் ஏற்றநீர் நனைக்கும் உயரம்வரை சுவரில் பாசி படரும். அதன் மேல்விளிம்பு, இயற்கை போட்டுத் தரும் அளவுகோடு. அக்கோட்டை 250 ஆண்டுகளுக்கு முன் யாராவது வரைந்து வைத்திருந்தால்?

இத்தாலியின் வெனிஸ் நகருக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது. அந்நகரின் கால்வாய்களைப் படகுகளோடும் மாளிகைகளோடும் தீட்டியவர் கனலெட்டோ (1697–1768). சுவரில் படிந்த பாசியைக்கூட அவர் விட்டுவிடவில்லை. இத்தாலிய அறிவியலார் டாரியோ கமுஃபோவும் உடன் ஆய்வாளரும், கனலெட்டோவும் அவருடைய சகோதரி மகன் பெலொட்டோவும் வரைந்த ஓவியங்களில் பாசிக்கோட்டை அளந்து, அதே கட்டடங்களின் இன்றைய கோட்டோடு ஒப்பிட்டனர். 2003-இல் வெளிவந்த முடிவின்படி, கோடு ஏறத்தாழ 60 செ.மீ. உயர்ந்துள்ளது. நிலம் தாழ்ந்ததும் கடல் உயர்ந்ததும் இதற்குக் காரணங்கள்.

அப்படியானால் இவ்வோவியங்கள் நிழற்படங்களுக்கு ஒப்பானவையா? அல்ல. லென்சு பொருத்திய இருட்பெட்டியில் விழும் பிம்பத்தைப் பின்பற்றிக் கனலெட்டோ வரைந்தார் என்று நெடுங்காலமாகக் கூறப்படுகிறது. ஆயினும் அழகு கருதிக் கட்டடங்களை இடம் மாற்றியதும் உண்டு. பல இடங்களிலிருந்து கண்டதை ஒரே படத்தில் இணைத்ததும் உண்டு. ஆகவே, இன்றும் நிற்கும் கட்டடத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே ஓவியத்தைச் சான்றாகக் கொள்ள வேண்டும். படத்தின் அழகு அதன் உண்மைக்குச் சான்று ஆகாது.

இனிச் சிதம்பரத்துக்கு வருவோம். நடராசர் கோயிலில் சிவகாமி அம்மன் சந்நிதி மண்டப விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. தொலைவுக்கேற்ப உருவங்கள் சிறுக்கவில்லையே என்று இத்தகைய ஓவியங்களைக் குறை சொல்வது பொருந்தாது. வரிசை வரிசையாகக் கதை சொல்வதே அவற்றின் நோக்கம். அதைச் செவ்வனே செய்கின்றன. நீர்மட்டத்தை அவற்றிடம் கேட்பது நம் தவறே ஆகும்.

ஆனால் நீர்மட்டத்தை யாராவது குறித்தாக வேண்டும். 2004-இல் ஆழிப்பேரலை புகுந்த தாழ்ந்த கரை நம்முடையது. அங்கே கடல் ஒரு சாண் உயர்ந்தாலும் ஊருக்குள் உப்புநீர் ஏறும். உப்பனாற்றுச் சுவரில் பாசி எதுவரை உள்ளது? சிவகங்கைக் குளத்தில் எத்தனை படிகள் நீருக்கு மேலே தெரிகின்றன? நின்ற இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வரைந்து வையுங்கள். ஓவியம் சுமாராக இருந்தாலும் குற்றமில்லை. கோடு சரியாக இருக்கட்டும்.