சீன மொழி வகுப்பில் கேட்டல் திறன்: கற்பித்தலா, தேர்வா?

சீனத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்புகள் பலவற்றில் கேட்டல் பாடம் ஒரே வகையில் நடைபெறுகிறது. ஆசிரியர் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்கிறார். மாணவர் விடைகளுள் ஒன்றைக் குறிக்கிறார். சரியான விடை சொல்லப்பட்டதும் அடுத்த வினா தொடங்குகிறது. இங்கே மாணவரின் கேட்டல் திறன் அளக்கப்படுகிறதே தவிர, வளர்க்கப்படுவதில்லை. தவறாகக் கேட்டவர் எந்த இடத்தில், ஏன் தவறினார் என்பது ஆராயப்படுவதே இல்லை.

சிக்கலின் இயல்பு

மாண்டரின் சீனத்தில் தொனியைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஏறத்தாழ 400 அசைகளே உள்ளன. ஆகவே, பொருளைப் பிரித்துக் காட்டும் பொறுப்பில் பெரும்பங்கு தொனியைச் சார்ந்தது. 'மாய்' என்பதை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குதல்; நான்காம் தொனியில் சொன்னால் விற்றல். தனிச்சொல்லில் தொனியை அறிந்துகொண்ட மாணவரும் தொடரில் தடுமாறுவார். 'நீ ஹாவ்' என்னும் வணக்கத்தின் இரு அசைகளும் மூன்றாம் தொனிக்குரியவை. ஆனால் சேர்த்துச் சொல்லும்போது முதல் அசை இரண்டாம் தொனியாக மாறிவிடுகிறது. அகராதியில் படித்த தொனி வேறு, காதில் விழும் தொனி வேறு.

தேர்வின் நிழல்

எச்.எஸ்.கே. எனப்படும் சீன மொழித் தேர்வின் ஆறு நிலை அமைப்பில், முதல் இரு நிலைகளின் வினாத்தாளில் பின்யின் துணை உண்டு. மூன்றாம் நிலையில் அது இல்லை. தொடக்க நிலைகளில் இருமுறை ஒலித்த பகுதிகள் நான்காம் நிலையில் ஒருமுறையே ஒலிக்கும். அந்நிலையின் 100 வினாக்களில் 45 கேட்டல் சார்ந்தவை. எனவே விடைகளை முன்கூட்டியே படித்து ஊகிக்கும் உத்தியை மாணவர் பழகுகின்றனர். தேர்வு இருப்பது குறையன்று. வகுப்பறை தேர்வின் நகலாக மாறுவதே குறை. தெருவில் வழி கேட்பவருக்கு முன்னால் நான்கு விடைகள் அச்சிட்டு வைக்கப்படுவதில்லை.

பயிற்சியால் மாற்றம் உண்டு

நிறையக் கேட்டால் காது தானே பழகிவிடும் என்பாரும் உளர். இது பாதி உண்மையே. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க மாணவர்களுக்குப் பலர் குரலில் பதிவான சொற்களைக் கொண்டு இரண்டு வாரங்களில் எட்டு அமர்வுகள் தொனிப் பயிற்சி தரப்பட்டது. தொனியை இனங்காணும் திறன் சராசரியாக 21 விழுக்காடு உயர்ந்தது; ஆறு மாதங்களுக்குப் பின்னும் அது நிலைத்தது. இங்கே பயன் தந்தவை பல குரல்களும் உடனுக்குடன் கிடைத்த திருத்தமும் ஆகும். ஒரே தெளிவான குரலில் பழகியவர், தென்சீனரின் பேச்சில் நான்கைக் குறிக்கும் 'ஸி'யும் பத்தைக் குறிக்கும் 'ஷி'யும் நெருங்கி ஒலிக்கும்போது விலையையே தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

செய்யத்தக்கவை

ஒலிப்பதிவைச் சிறு துண்டுகளாக்கி, கேட்டதை எழுதச் செய்து, மூலத்தோடு ஒப்பிட வைக்கலாம். பிழை தொனியிலா, அசையிலா, சொல் அறியாமையிலா என மாணவரே பிரித்துக் காண வேண்டும். தாய்மொழியையும் கருத வேண்டும். வயிறு நிறைதலும் ஓடுதலும் சீனத்தில் மூச்சொலியால் மட்டுமே வேறுபடும். தமிழ் எழுத்தில் இரண்டும் 'பாவ்' தான். தமிழ் மாணவருக்கு இவ்வேறுபாட்டைத் தனியே கேட்கப் பழக்காமல் மதிப்பெண்ணை மட்டும் குறைப்பது, கற்பிக்காத பாடத்தில் தேர்வு வைப்பதற்கு ஒப்பாகும்.