முதல் மழைக்கு முன்

மழைக்காலம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மும்பையின் மாகிம் கடற்கரை ஈர மணலில், மாட்டுங்காப் பக்கத்துப் பள்ளியொன்றின் பிள்ளைகள் கையுறை அணிந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்ததை நெடுநேரம் நின்று பார்த்தேன். மணலில் பாதி புதைந்து கிடந்த ஷாம்பூப் பொட்டலம் ஒன்றை ஒரு சிறுமி பற்றி இழுத்தாள். நைந்த துணியோடும் கயிற்றோடும் பின்னிக்கொண்டு இன்னும் ஏழெட்டுப் பொட்டலங்கள் சரமாக வெளிவந்தன. அவள் அருவருப்பின்றி அவற்றை உதறிப் பைக்குள் போட்டாள்.

இப்பணியின் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2015-ல் வர்சோவாக் கரையில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா தொடங்கிய துப்புரவு இயக்கம் நகரத்தார் உள்ளத்தில் ஒரு விழிப்பை உண்டாக்கியது. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கவேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் பெரும்பாலும் பரீட்சைக்குரிய மனப்பாடமாகவே நின்றுவிட்ட விஷயம், முதுகு வளைத்து மணலைக் கிளறும் ஒரு காலைப்பொழுதில் பிள்ளைகளின் சொந்த அனுபவமாகிவிடுகிறது.

ஆயினும் அந்தப் பொட்டலம் கடலில் பிறந்ததன்று. விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீராகப் புறப்பட்டு, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி, குர்லாவைக் கடந்து, தாராவியின் ஓரத்தைத் தொட்டு மாகிம் கழிமுகத்தில் கலக்கும் மித்தி நதியும், அதில் வந்து விழும் நாலாக்கள் என்னும் வடிகால்களுமே இத்தகைய குப்பையைச் சுமந்து வருகின்றன. செம்பூர்ப் பக்கத்து அழுக்கோ மாகுல் கழி வழியாக, பூநாரைகள் இரை தேடும் தாணே கழியைச் சேர்கிறது. அக்டோபர் முதல் மே வரை வீதிகளில் படியும் எண்ணெய்ப் பிசுக்கையும் டயர்த் தூளையும் குப்பையையும், ஜூன் மாதத்து முதல் பெருமழைகள் ஒரே வாரலாக வாரிக்கொண்டுபோய்க் கடலில் தள்ளுகின்றன. அந்நாட்களில் நம் பள்ளிகள் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும், அல்லது அப்போதுதான் திறந்து புத்தகம் வழங்கிக்கொண்டிருக்கும். நாம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் இடம் நாலாவின் கடைசி முனை, காலமோ மழை முடிந்த பிறகு என்பதே இவ்வழக்கத்தில் நான் காணும் பெருங்குறை.

வேலை மார்ச் மாதத்தில், பள்ளி வாசலிலேயே தொடங்கவேண்டும். சுற்றுவட்டாரத்துச் சாக்கடை வாய்களைப் படத்தில் குறித்து, எது அடைத்திருக்கிறது, எதில் மெக்கானிக் கடையின் எண்ணெய் வழிகிறது என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்தால், மழைக்குமுன் நாலாக்களைத் தூர்வாரும் மாநகராட்சிக்கு அது உதவும். சிமெண்டால் மூடப்பட்ட பள்ளி முற்றத்தில் ஒரு பகுதியைப் பெயர்த்து, கூரைநீர் மண்ணில் இறங்க இடம் விட்டால் அதுவும் நன்மையே.

கரையில் எடுக்கும் குப்பையை வகை பிரித்து எண்ணுவது இன்னும் முக்கியம். 1986-ல் டெக்ஸாஸில் தொடங்கிய கடற்கரைத் துப்புரவில் தொண்டர்கள் எடுத்த பொருள்களை வகைவாரியாக அட்டையில் குறித்தார்கள். நாமோ மூட்டைகளை எடைபோட்டுப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இவ்விஷயத்தில் தாராவிப் பிள்ளைகள் மாட்டுங்காப் பிள்ளைகளுக்கு ஆசான்களாக இருக்கத் தக்கவர்கள். பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, பாட்டிலுக்கு விலையுண்டு, பால் கவருக்கு விலையுண்டு, பல படலங்கள் ஒட்டிய ஷாம்பூப் பொட்டலத்தையோ பழைய பொருள் வாங்கும் பங்கார்வாலா தொடவே மாட்டார் என்பது நன்றாகத் தெரியும். விலை போகாததே பெரும்பாலும் கரைக்கு வருகிறது. இத்தகைய பொட்டலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மேல் சுமத்தியிருப்பதால், பிள்ளைகளின் கணக்கு வெறும் பயிற்சி அன்று, சாட்சியம்.

ஆனால் எந்தப் பள்ளியும் குழந்தைகளை நாலாவுக்குள் இறக்கலாகாது. ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த 2005 ஜூலை 26-க்குப் பின் வெள்ளநீரில் நடந்தவர்களை எலிக்காய்ச்சல் எப்படி வாட்டியது என்பதை இந்நகரம் அறியும். கழிவுநீர்க் குழாயே எட்டாத சந்தில் வாழும் குழந்தையிடம், நாலா நாறுவது உன் பழக்கத்தினால்தான் என்று போதிப்பதையும் என்னால் ஏற்க முடியாது. அந்தச் சந்துக்குக் குழாய் போடவேண்டியது மாநகராட்சி. என்றைக்குப் போடப்போகிறீர்கள் என்று கேட்கும் விண்ணப்பத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே மராத்தியிலும் தமிழிலும் எழுதலாம், உபாத்தியாயரும் கீழே கையெழுத்திடலாம்.